பார்த்துவிட்ட விடை

1

இந்தக் கதையை என் மனைவியின் மதியத் தூக்கத்திலிருந்து திருடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே பாதிக் கண் மூடியபடி பூவிழி சொன்னாள்: "நான் அவரு விடைய பாத்துட்டேங்க." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

2

தொடக்கம் ஒன்று: கடல் அன்று முழுக்க வெள்ளையாக... (வேண்டாம். புதுச்சேரிக் கதை என்றால் உடனே கடலா?)

தொடக்கம் இரண்டு: பூவிழி இயற்பியல் ஆராய்ச்சியாளர். துகள்களை மோதவிட்டால் சில சமயம் கன குவார்க் என்ற நுண்துகள் பிறக்கும். பிறந்த கணமே துகள்கூட்டமாகி ஒரே திசையில் பாயும். அதற்கு ஜெட் என்று பெயர். அது எத்தனை முறை நிகழும் என்று இவள் கணக்குப் போடுகிறாள். முதலில் உத்தேசமாக ஒரு விடை. பிறகு அதற்குத் திருத்தம். அப்புறம் திருத்தத்துக்குத் திருத்தம்.* இந்த மூன்றாம் படியிலேயே இரண்டு வருடமாக இருக்கிறாள்.

* நடுவில் முடிவிலிகள் வருமாம். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுமாம். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டபடியே நான் கனவுக்குள் போய்விடுவேன். அங்கேயும் அவள்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

3

இப்போது முகிலன். [வில்லனாக்கப் பார்த்தேன். ரொம்ப நல்லவர், முடியவில்லை.] முதலியார்பேட்டைக்காரர், இருப்பது ஜெர்மனியில். அதே கணக்கை அவரும் தனியாகப் போடுகிறார். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் தானாகப் பொருந்தினால்தான் நம்பலாம் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

ஒரு நாள் வீடியோ காலில் அவர் தன் திரையைக் காட்டியபோது, பின்னாலிருந்த பக்கம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அதில் அவர் விடை. இவளுடையது வேறு.

மறுநாளிலிருந்து பூவிழி தன் கணக்கில் பிழை தேடினாள். ஒன்று கிடைத்தது. திருத்தினாள். விடை பொருந்தியது. தேடுவதை நிறுத்தினாள்.

4

நிஜமான பிழையைத்தானே திருத்தினாய், அப்புறம் என்ன என்று கேட்டேன்.

"பொருந்தலன்னா இன்னும் தேடியிருப்பேன். இன்னொண்ணு கெடச்சிருக்கும். ஒருவேள அவரோடதும் தப்பா இருந்தா?"

முகிலனிடம் சொன்னால், மூன்றாவது ஆள் ஒருவர் முதலிலிருந்து போட வேண்டும். ஒரு வருடம் ஆகும். கட்டுரை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். அதை நம்பித்தான் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

5

முடிவு அ: அவள் சொல்லவில்லை. வேலை கிடைக்கிறது. மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம், அவள்... (இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் பின்தங்கிவிடுகிறாள். திரும்பிப் பார்த்தால் சாலை காலியாக இருக்கிறது.)

முடிவு ஆ: சொல்லிவிடுகிறாள். எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போகப்போவது என் மனைவிக்கு.

6

வியாழக்கிழமை காலை, இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். பிடிக்காவிட்டால் கிழித்துவிடு என்றேன். காபி ஆறிப்போகும்வரை படித்தாள். அவளுக்கு இனியா என்றும் அவருக்கு அன்பழகன் என்றும் பெயர் மாற்றி வைத்திருந்தேன். பென்சிலை எடுத்து, இனியா வந்த இடமெல்லாம் அடித்துப் பூவிழி என்று எழுதினாள். பிறகு அன்பழகனை அடித்து முகிலன் என்று எழுதினாள்.

"மொதல்ல அவருக்கு அனுப்புங்க," என்றாள். "எனக்குச் சொல்ல வாய் வரல."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வாசகரே என்று பொதுவாக அழைத்துத் தப்பிக்கவும் மாட்டேன். முகிலன், படித்து முடித்துவிட்டீர்கள். அவள் அடுத்த அறையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.