பஞ்சு பட்ட இடம்

கட்டிங் மாஸ்டரின் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு கட்டிவிட்டாள். திங்கட்கிழமை கணவரை நரம்பு டாக்டரிடம் காட்டுவது, செவ்வாய்க்கிழமை கிளம்புவது. எட்டு மாதமாகக் கையைத் தொடவிடாத மனிதரோடு எவள் குப்பை கொட்டுவாள்?

எட்டு மாதத்துக்கு முன்னால் துணி வெட்டும் மிஷினின் கத்தி அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே இழுத்துவிட்டது. ஒன்பது தையல். புண் சுத்தமாக ஆறிவிட்டது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் மனிதர் சட்டையின் இடது கையை முழங்கை வரை மடித்தே வைத்திருந்தார். வெட்டும் மேசைப் பக்கமே போகவில்லை. 'மாஸ்டருக்கு உடம்பு வணங்கல' என்று முதலாளி பேச ஆரம்பித்திருந்தார். அவள் கையைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். படுக்கையில் நடுவே ஒரு தலையணை வேறு.

"வலிக்குதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வலியெல்லாம் இல்ல."

வலி இல்லையென்றால் வேறு என்ன? அதற்கு அவளே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டாள். அந்த வேலைக்கு அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

இதற்கு முன் பார்த்த மூன்று டாக்டர்களும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, 'வலி இல்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இந்த டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். மாஸ்டரும் சளைக்காமல் "இல்லைங்க" என்றார். ஆனால் டாக்டரம்மா எழுதவில்லை. அவருடைய கண் அந்த மடித்த சட்டைக் கையிலேயே இருந்தது. பஞ்சில் ஒரு துணுக்கைப் பிய்த்தெடுத்து, "கண்ண மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தழும்புக்குக் கீழே லேசாக வருடினார்.

மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் போனார். தையல் போட்டபோதுகூட வாய் திறக்காதவரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டது வெறும் பஞ்சு.

அதற்குப் பக்கத்திலேயே குண்டூசியால் தொட்டபோது, சரியாகத் தெரியவில்லை என்றார். தழும்பின் மேல் விரலால் தட்டினால் கட்டைவிரல் நுனிவரை கரண்ட் அடிக்கிறது என்றார்.

"இதுக்குப் பேரு வலி இல்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மாஸ்டர் உண்மையாகவே யோசித்தார். "வலின்னா, ஊசி விரல்ல ஏறுமே, அதுங்க. இது காந்துதுங்க. சட்டை பட்டா காந்துது, ஃபேன் காத்து பட்டா காந்துது. காந்துதான்னு யாரும் கேக்கலையே."

அவளுக்குச் சிரிப்பதா, அந்த மனிதரின் மண்டையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

"தோல் ஆறிடுச்சு. உள்ள நரம்பு சரியா ஆறல" என்றார் டாக்டரம்மா. "துணி பட்டா துணின்னு சொல்லாம நெருப்புன்னு சொல்லுது. இது ஸ்கேன்ல தெரியாது." படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், முதலில் தூக்கமாக வரும். "முழுசா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். பாதி குறைஞ்சாலே மேசைக்குப் போகலாம். வீட்ல ஒரு பயிற்சி இருக்கு. வழவழன்னு இருக்கற துணியில ஆரம்பிச்சு, சொரசொரப்புக்குப் போகணும். நீங்களே தேய்ச்சுக்கலாம், வேற யாராவது தேய்ச்சும் விடலாம். துணியப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் வெட்டுத்துண்டு மூட்டையைக் கிளறி ஒரு சாட்டின் துண்டை எடுத்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ தொட்டா காந்துதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? வாயே வரல."

எட்டு மாதக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. அவர் துண்டை அவளிடம் கொடுத்து, கையை அவள் மடியில் வைத்தார்.

"பத்து எண்ணற வரைக்கும் தேய்."

அவள் எண்ணிக்கொண்டே தேய்த்தாள். அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்ததும் ஏழோடு நிறுத்திவிட்டாள்.

"எட்டு" என்றார் அவர்.