சைக்கிள் தெரியாத மனுதாரர்

சதுரங்கப்பட்டினத்து ஹெலன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். சாலையில் மாடு குறுக்கே வந்தாலும் மினி பஸ் குறுக்கே வந்தாலும் ஒரே நிதானத்தோடு ஒதுங்கிப் போவாள். அப்படிப்பட்டவளைச் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகம், கடைநிலை உதவியாளர் வேலைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்.

"வேனே ஓட்றேன் சார்," என்றாள் நேர்காணலில்.

"ரூல்ல சைக்கிள்னு கீதேம்மா," என்றார் அதிகாரி. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் 'தகுதியில்லை' என்று எழுதினார்.

ஹெலன் விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். வக்கீல் ரேணுகா தெம்பாகத்தான் ஆரம்பித்தார். "நாலு சக்கரம் ஓட்றவளுக்கு ரெண்டு சக்கரம் தெரியாதான்னு கேட்டுடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நெஜமாவே தெரியாதா?" என்றார்.

"தெரியாதுக்கா."

அந்த வேலைக்குத் தேர்வான பார்த்திபன், திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து விவசாயி மகன், இரண்டாம் எதிர்மனுதாரர் ஆனான். தீர்ப்பு எப்படியோ வேலையும் அப்படியே என்ற நிபந்தனையோடு சேர்ந்திருந்தான். முதல் வாய்தாவன்று மின்சார ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாய்தாவில் அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். அதற்கடுத்த முறை அவளே கேட்டு வாங்கித் தின்றாள்.

"யக்கா, இன்னொரு போஸ்ட்டு காலியாத்தான் கீது," என்றான் பார்த்திபன். "சைக்கிள் வந்துட்சின்னா அது உனுக்கு. வரலன்னா வேனே போதும்னு கேஸு நடத்துவே, என் போஸ்ட்டுக்குத்தான் பேஜாரு. நானே கத்துக்குடுத்துட்றேன்."

"நீ எதிர்க்கட்சிடா."

"கோர்ட்லதான். ஞாயித்துக்கெழம கோர்ட்டு லீவு."

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை மதிலோரம் பாடம் நடந்தது. அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வேனில் பிரேக் மிதித்துப் பழகிய கால், பயம் வந்தால் தானாகவே பெடலை அழுத்தியது. சைக்கிள் இன்னும் வேகமெடுத்தது. நேரே காயப்போட்ட வலைக்குள் போய் விழுந்தாள்.

"மீனுக்கு வெச்ச வலடி இது," என்றாள் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி.

சிராய்ப்பு ஆறுவதற்குள் சைக்கிள் வந்துவிட்டது.

விசாரணையில் அரசு வக்கீல், விண்ணப்பத்தின் கடைசி நாளன்றே தகுதி இருந்திருக்க வேண்டும் என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சைக்கிள் என்றால் சைக்கிள்தான், வேன் ஆகாது என்றார் முதலில். ஆனால் சைக்கிள் பட்டமல்ல, பழக்கம்; ஓட்டிக் காட்டச் சொல்லாமல் வாயால் கேட்டே முடிவு கட்டியது சரியில்லை; மறுபடி சோதித்து, தேறினால் காலியிடத்தைக் கொடுங்கள் என்று முடித்தார்.

சோதனையன்று அலுவலகமே வாசலுக்கு வந்துவிட்டது. ஹெலன் கொடிக்கம்பத்தைச் சுற்றி அழகாக வந்தாள். நிறுத்தத்தான் வரவில்லை. பூந்தொட்டிகள் இரண்டு உருண்டன. அதிகாரி விதியை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"ஓட்டத் தெரியணும்னுதான் கீது," என்று கையெழுத்துப் போட்டார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் உள்ளேயிருந்து அதிகாரியின் மணி அடித்தது. ஹெலன் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தாள். பார்த்திபன் அசையவில்லை.

"நான் சீனியருக்கா," என்றான். "நீயே போயி இன்னான்னு கேளு."