காலி விறகுப்பெட்டி

ரெய்னோ குடிசைக் கதவைத் தள்ளினதும் மொதல்ல பார்த்தது அடுப்புப் பக்கத்துல இருந்த விறகுப்பெட்டியைத்தான். காலி. ஒரு சிராய்கூட இல்ல.

வடகோடியில, பனி கொட்டுற லாப்லாந்துக் காட்டுக் குடிசைங்களுக்குப் பூட்டு கெடையாது. யாரு வேணா வரலாம், தங்கலாம். போறப்போ மட்டும் அடுத்து வர்றவனுக்கு விறகு பிளந்து பெட்டியை நெரப்பிட்டுப் போகணும். வர்றவன் கை வெறைச்சுப்போய் வருவான். அந்தக் கையால கோடாலியைத் தூக்க வெக்கக்கூடாது.

“எந்த மகராசனோ தொடைச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்,” னு சொல்லிக்கிட்டே சில்வி உள்ள வந்தா. ரெய்னோவோட அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் அர்மாஸ் மூணு வருஷத்துக்கு முன்னால இந்தக் குடிசைக்குப் பின்னாலதான் செத்துக் கெடந்தான். விறகு பிளக்கறப்போ கோடாலி நழுவி முழங்காலுக்குக் கீழ எறங்கிருச்சு. ரத்தம் நிக்கல. ரெண்டு நாள் கழிச்சு வேட்டைக்கு வந்தவங்கதான் பார்த்தாங்க. அந்த எடத்தை ஒருதடவை பார்க்கணும்னு சில்வி கேட்டுக்கிட்டே இருந்தா. ரெய்னோவும் சாக்குச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டான்.

வர்ற வழியில ஓடையில வழுக்கி அவ இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தா. உதடு நீலமா இருந்துச்சு.

“கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காருங்க அண்ணி. நான் பிளந்து எடுத்துட்டு வந்துர்றேன்.”

“கையைச் சூடு பண்ணிட்டுக் கோடாலியைத் தொடு. தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துற கை அது.”

“முத்திரையும் ஓங்கித்தான் குத்தணும் அண்ணி.”

அவ சிரிச்சா. பல்லு தந்தியடிச்சுது.

வெளிய மதியம் ரெண்டு மணிக்கே வெளிச்சம் மங்கிக்கிட்டு வந்துச்சு. ரெய்னோ ரெண்டு கையையும் அக்குள்ல வெச்சு, விரல் சுள்ளுனு உணர்ச்சி வர்ற வரைக்கும் நின்னான். அப்புறம் ஒரு பிர்ச் மரக்கட்டையை எடுத்து, குடிசைக்கு முன்னால விறகு பிளக்கப் போட்டிருந்த அடிமரத்தோட அந்தப் பக்கத்து ஓரமா நிறுத்தினான். தப்பிப் போனாலும் வெட்டு அடிமரத்துல விழணும், கால்ல விழக்கூடாது. காலை அகட்டி, முட்டியை மடக்கி, ஓங்கிப் போட்டான். கட்டை ரெண்டாப் போச்சு.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு சத்தம். டக்.

ஏரிக்கரையில மோதித் திரும்புதுன்னு நெனச்சான். மறுபடி போட்டுட்டுக் காத்திருந்தான். ஒரு ஆளு மூச்சு வாங்கி, கையைத் தூக்கி, எறக்குற நேரம் கழிச்சு, டக். குடிசைக்குப் பின்னாலருந்து. அவன் திரும்பிப் பார்க்கல. பெட்டி நெறையற அளவுக்குப் பிளந்து அள்ளிக்கிட்டு, கோடாலியையும் உள்ள கொண்டுவந்து கதவோரம் சாத்தினான்.

“ரெண்டு பேரு பிளக்கற மாதிரி இருந்துச்சு,” ன்னா சில்வி.

“எதிரொலி.”

“கடைசியில ஒனக்கு முன்னாடியே அடிச்சுதே.”

அவன் அடுப்பைப் பத்தவெச்சான். மரப்பட்டை சுருண்டு எரிஞ்சு கட்டையைப் பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரத்துல அவ மொகத்துக்கு நெறம் திரும்புச்சு.

“அவரு போன அன்னைக்கும் இந்தப் பெட்டி காலியாத்தான் கெடந்துச்சாம்,” ன்னா. “போலீஸ்காரர் சொன்னாரு. எந்த நாய் அப்படி வெச்சுட்டுப் போச்சோ. தெனம் படுக்கறப்போ அவன் கை அழுகட்டும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுறேன். பேரு தெரியாது. பொத்தாம்பொதுவா சொல்லி வெக்கிறது.”

வெளிய டக்.

ரெண்டு பேரும் கதவோரத்துக் கோடாலியைப் பார்த்தாங்க. அது சாத்தினபடியே இருந்துச்சு.

“நான்தான் அண்ணி,” ன்னான் ரெய்னோ.

அவ திரும்பல.

“அதுக்கு மொத நாள் ராத்திரி ஏரிக்கரையில கூடாரம் போட்டேன்னு சொன்னது பொய். இங்கதான் தங்கினேன். காலையில பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். இந்தக் குளிர்ல எவன் வரப்போறான்னு பெட்டியைக் காலியா வெச்சுட்டுக் கெளம்பிட்டேன். மறுநாளே அண்ணன் வந்திருக்கான்.”

ஒரு கட்டை எரிஞ்சு ஒடிஞ்சு விழுந்துச்சு.

“ஒங்கண்ணன் வருவாருன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா நெரப்பியிருப்ப.”

“நெரப்பியிருப்பேன்.”

“வேற எவனோ செத்தா பரவால்லயா?”

ரெய்னோ இன்னொரு கட்டையை எடுத்து அடுப்புல வெச்சான்.

“ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்க,” ன்னா சில்வி. “மீன் சூப்பு நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவை கேட்டு வாங்கியிருக்க.”

டக். கொஞ்ச நேரம். டக்.

சில்வி எழுந்து கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டுக் கதவுகிட்டப் போனா. வெளிய போடான்னு அவ சொல்லப்போறதா நெனச்சு அவன் தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டான். அவ சொல்லல. கதவை அகலத் தொறந்துட்டு, கை நெறைய விறகோட ஒரு ஆளு நொழையறதுக்கு வழி விடுற மாதிரி ஒதுங்கி நின்னா.

சத்தம் நின்னுபோச்சு. குளிர் உள்ள வந்துச்சு. அடுப்புச் சூடு பூராவும் வெளிய போயிக்கிட்டே இருந்துச்சு. அவளுக்கு ஒடம்பு நடுங்குச்சு, ஆனாலும் கதவைப் பிடிச்ச கையை எடுக்கல.

ரெய்னோ பெஞ்சுல கொஞ்சம் நகர்ந்து இன்னொரு ஆளுக்கு எடம் விட்டான்.