வானதியிடம் வந்தவர்கள்

என் தம்பி பரிதிக்கு அழத் தெரியாது. அழவேண்டிய நேரத்தில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். போன ஐப்பசியில் அவன் மகள் வானதியைக் காய்ச்சல் கொண்டுபோனபோதும் அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளை. குடமுருட்டிக் கரை இடுகாட்டில் மண்ணைத் தள்ளிவிட்டு, நேரே வயலுக்குப் போய் மடையைத் திருப்பினான். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவன் பெண்டாட்டி எழில்மொழி நேர்மாறு. தினமும் காலையில் அங்கே போய்விடுவாள். வானதி தனியாக இருக்கப் பயப்படுகிற பிள்ளை. கொல்லைக்குப் போனால்கூட அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும். அவளை அங்கே தனியாக விட்டுவிட்டோமே என்பதுதான் எழிலைத் தின்றது. சோறு இறங்கவில்லை. நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன்.

கோடை மழை ஒன்று பெய்து, பிள்ளையைப் புதைத்த மேட்டில் வெட்டுக்காயப் பூண்டு முளைத்துப் படர்ந்தது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் பல் பல்லாக வெள்ளை இதழ். அரிவாள் பட்டால் இலையைக் கசக்கி வைப்போம். மற்றபடி அதைப் பூவென்று நாங்கள் யாரும் மதித்ததில்லை. தேனீயும் பட்டாம்பூச்சியும் மதித்தன. வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது அவற்றுக்கு வேறு போக்கிடம் ஏது? வெயில் ஏறியதும் வந்துவிடும். பொழுது சாய்கிற வரை ஒன்று போனால் இன்னொன்று.

ஒருநாள் எழில் திரும்பி வந்து, தானே தட்டை எடுத்து வைத்தாள்.

"அண்ணி, பாப்பா தனியா இல்ல. நாள் பூரா யாராவது வந்துக்கிட்டே இருக்காங்க."

பைத்தியம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். சாப்பிட்டாளே, எனக்கு அது போதும். பரிதியிடம் மட்டும் இதை நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவனிடம் என்னத்தைச் சொல்ல?

முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. எழில் தன் அம்மாவை அழைத்துவரப் பாபநாசம் போயிருந்தாள். வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கப் போன பரிதி, முதுகில் மருந்து டேங்கோடு வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, பாப்பா இருக்குற எடம் பொதரா கெடந்துச்சு. நாலு பேரு வருவாங்கள்ல? மருந்து அடிச்சி சுத்தம் பண்ணிட்டேன்."

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. ஆனால் ஒரு வருடமாக அவன் வாயில் வராத 'பாப்பா' அன்றுதான் வந்திருந்தது. எப்படித் திட்டுவேன்? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊற்றி ஊற்றிக் கழுவினேன். குடித்த பச்சையை அந்த மருந்து விடுமா?

எழில் ஊர் திரும்புவதற்குள் எல்லாம் கருகிவிட்டது. நேரே இடுகாட்டுக்குத்தான் வந்தாள். நானும் பரிதியும் பின்னாலேயே போனோம். ஒரு தேனீ வந்து கருகிய பூவொன்றில் உட்கார்ந்தது. உடனே எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

"நான்தான்... நாலு பேரு வர்ற எடம்னு..." என்று பரிதி இழுத்தான்.

எழில் அவனை ஏசவில்லை. குந்தி உட்கார்ந்து மேட்டைத் தடவினாள்.

"பாப்பா, அப்பா வந்துட்டுப் போயிருக்காரும்மா. ஒன்னப் பாக்க வந்தவங்கள எல்லாம் அனுப்பிட்டாரும்மா."

பரிதி என் பக்கம் திரும்பினான். "யாருக்கா வந்தாங்க?"

சொன்னேன். சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? கேட்டுவிட்டு மண்டியிட்டான். கருகிய பூண்டை ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்தி வைத்துப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.