குமிழ் என்று எழுதியவன்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதியவன் நான்தான். மூளையில் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து புடைத்துக்கொள்ளும்; உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அதை ‘வீக்கம்’ என்றால் நோயாளிகள் அரண்டுபோகிறார்கள் என்று நர்சுகள் குறைப்பட்டார்கள். யோசித்து யோசித்து ‘குமிழ்’ என்று போட்டேன். ‘குமிழோடு பலர் முழு ஆயுசும் வாழ்கிறார்கள்’ என்று ஒரு வரி வேறு. எல்லோரும் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. எது உடையும், எது சும்மா கிடக்கும் என்று ஸ்கேன் படங்களில் அளந்துகொண்டே இருப்பேன். கத்தியைத் தொட்டதில்லை, அது சர்ஜன் வேலை. போன மாதம், என் ஆய்வில் நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்கள் முப்பது பேர் வேண்டியிருந்தது. ஓர் ஆள் குறைந்தது. அக்காவை நச்சரித்தேன். அவள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், வாய்தான் முதல். இடைவேளையில் ஓடி வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு, “மூளைன்னு ஒண்ணு இருக்கான்னாவது பார்த்துச் சொல்லு” என்று கிண்டலடித்துவிட்டுப் போனாள்.

படத்தைத் திறந்தேன். இடப் பக்கம், பேச்சுக்கான பகுதிக்கு ரத்தம் போகும் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஏழு மில்லிமீட்டரில் ஒரு புடைப்பு. அதன் மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு. அப்படி இருந்தால் உடையும் வாய்ப்பு அதிகம் என்று நானே மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். ஸ்கேன் எடுத்தவரிடம் மெஷின் கோளாறா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சர்ஜன் அறையில் அக்காவும், அவள் வீட்டுக்காரரான மாமாவும், நானும் உட்கார்ந்தோம். மண்டையோட்டைத் திறந்து, உள்ளே ரத்தம் போகாதபடி புடைப்பின் கழுத்தில் சின்னக் கிளிப் போட வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் சர்ஜன். அக்கா கைப்பையிலிருந்து என் பிரசுரத்தை எடுத்தாள். அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தாள்.

“இதை எழுதினது நீதானே?”

“நான்தான். ஆனா அது பொதுவா எல்லாருக்கும் எழுதினது.”

“பொய்யா?”

“பொய் இல்லக்கா.”

“அப்புறம் என்ன? குமிழ்தானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ எழுதியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். குட்டிப் புடைப்பைப் பற்றி, சதவீதங்களைப் பற்றி மூச்சுவிடாமல் கொட்டினேன். எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற மாமா அந்த அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனில் பேச்சு போகுமா என்று அக்கா சர்ஜனைக் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் மூளையின் இதே இடத்தில் செய்துகொண்ட நூறு பேரில் ஐந்து பேருக்குப் பேச்சு பாதிக்கப்பட்டிருக்கிறது, சிலருக்குத் திரும்பவில்லை என்றார். அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அக்கா பிரசுரத்தை மடித்து வைத்தாள். அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.

வேறு வழி தெரியாமல் கெஞ்சினேன்.

“எனக்காகப் பண்ணிக்கோக்கா.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சரி, பண்ணிக்கிறேன். ஆனா ஒண்ணு. சும்மா கிடந்திருக்கக்கூடிய ஒண்ணுக்காகத் தலையைத் திறந்து, நான் பேச முடியாம எழுந்தா, தினமும் என் முகத்துல முழிச்சு, ‘நான் சொல்லித்தான் நீ பண்ணிக்கிட்டே’ன்னு சொல்லுவியா? அதுக்கு உனக்குத் தெம்பு இருக்கா?”

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சர்ஜன் இரண்டு படிவங்களை மேசையில் வைத்திருந்தார், ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு. அவள் பேனாவைத் திறந்துகொண்டு நிஜமாகவே காத்திருந்தாள். அந்த ஐந்து பேரை எனக்குத் தெரியும். அதில் ஒரு பெண் தன் மகளின் பெயரைச் சொல்ல முயன்று முயன்று அழுததைப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

“எனக்குத் தெரியலக்கா” என்றேன்.

“தெரியும்டா, உனக்குத் தெரியாதுன்னு” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுப்புப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன் என்று சர்ஜனிடம் சொன்னாள். இரண்டு மணிக்கு வழக்கு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

படிவத்தில் சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. சர்ஜன் பேனாவை மாமா பக்கம் நகர்த்தினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.