எட்டிப் பார்த்தவர்

காலை ஒன்பது மணிக்குப் படுக்கையறைக் கதவு சாத்தப்படும். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்கும். வெளியே டிரைவிங் மாஸ்டருக்கு வயிறு எரியும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். அவர் மனைவி ஒரு பெரிய லேபில் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கிறவள். கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்ததால், ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி ஆபீஸ் ஒரு லேப்டாப் கொடுத்திருந்தது. முதல் வாரம் அவருக்கும் சந்தோஷம்தான். இரண்டாம் வாரம், மூடிய கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தது காதில் விழுந்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போனார். அவள் சட்டென்று திரையை மூடினாள்.

"அந்தப் பக்கம் யாரு?"

"ஆபீஸ்ல இருக்கற என் கம்ப்யூட்டர்தாங்க. இங்கேர்ந்து அதுக்கு சுரங்கம் மாதிரி ஒரு வழி போட்டுக் குடுத்திருக்காங்க. நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாது."

"புருஷன்கூடவா?"

"புருஷனும்தான்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது செரிக்கவில்லை. சுரங்கத்தின் அடுத்த முனையில் எவனோ உட்கார்ந்து இவளைச் சிரிக்க வைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். அவனுக்கு மீசையும் இஸ்திரி போட்ட சட்டையும்கூடக் கொடுத்துவிட்டார்.

அடுத்தவர் கைகால் எங்கே போகிறது என்று கவனிப்பதுதான் அவர் தொழில். மூன்றே நாளில் அவள் விரல்களைப் பார்த்துப் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டார். நான்காம் நாள் காலையில் அவள் குளிக்கப் போனதும் லேப்டாப்பைத் திறந்தார். அவள் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் தட்டி உள்ளே நுழைந்தார்.

மீசைக்காரனைக் காணோம். கால் கட்டைக் கிண்டல் செய்து கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அனுப்பிய செய்திகள்தான் இருந்தன. மனம் ஆறாமல், தன்னைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறாளா என்று தன் பெயரைப் போட்டுத் தேடினார். ஒரே ஒரு ரிப்போர்ட் வந்தது.

ஐந்து மாதத்துக்கு முன், வீட்டுக்குத் தெரியாமல், தூரத்தில் ஒரு சின்ன லேபில் அவர் செய்துகொண்ட சோதனை அது. அவர்கள் சாம்பிளை இந்தப் பெரிய லேபுக்குத்தான் அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. குழந்தை இல்லாததற்குக் குறை அவரிடம்தான் என்று சொன்ன ரிப்போர்ட். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருந்தது.

இந்த ஐந்து மாதமும் அவருடைய அக்கா வரும்போதெல்லாம், "இவகிட்டதான் ஏதோ கோளாறு," என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போவாள். மனைவி வாயைத் திறந்ததில்லை. அவரும் திறந்ததில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த ரிப்போர்ட்டை அழிக்கப் பார்த்தார். திரை அப்படியே பூட்டிக்கொண்டது. அடுத்த நிமிஷம் அவள் போன் அடித்தது.

ஈரத் தலையோடு, கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போனை ஸ்பீக்கரில் போட்டாள். மேனேஜர் பேசினார்.

"முடிஞ்ச ரிப்போர்ட்ட எதுக்கும்மா அழிக்கப் பாத்தீங்க? வேலையே போயிடும், தெரியுமில்ல?"

அப்போதும் அவள் பதில் சொல்லவில்லை. அவரால்தான் தாங்க முடியவில்லை.

"சார், அது நான். அவ மேல சந்தேகப்பட்டு உள்ள போனேன். அவளுக்கு எதுவும் தெரியாது."

"அத எழுதிக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் வீட்லேர்ந்து வேலை கிடையாது."

போன் நின்றது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எவன்கூடயோ பேசத்தான் கதவ சாத்தறேன்னு நெனச்சீங்க. அடுத்தவங்க மானம் வெளிய போயிடக் கூடாதுன்னு சாத்தினேன். அதுல உங்க மானமும் இருந்துச்சு. பூட்டியிருக்கற எடத்துல எல்லாம் துரோகம்தான் இருக்கும்னு நெனக்காதீங்க. நம்பிக்கையும் அங்கதான் இருக்கும்."

அவர் கடிதத்தை எழுதி முடித்தார். பிறகு தன் போனை எடுத்து, அவள் முன்னாலேயே அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே அவள ஒண்ணும் சொல்லாத. குறை எங்கிட்டதான். அஞ்சு மாசமா எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்."