லுட்விக்கின் குறட்டை

திங்கட்கிழமை மதியம் இரேனா நியூயார்க்கின் கிரீன்பாயின்ட் பகுதியில் இருந்த வீட்டுக்குப் போனபோது, அவளுடைய அப்பா லுட்விக் அவள் ஆடும் நாடகத்தின் டிக்கெட்டை ரேடியோவின் மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். சர்க்கரை ஆலையில் காலமெல்லாம் இரவு வேலை பார்த்து அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் வழக்கம்போல் கைக்கடிகாரம் வாங்காமல் இதை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை பகல் காட்சி, மூன்றாவது வரிசை.

“டிக்கெட்டே கிடைக்காதுன்னு சொன்னியே. பசங்க எப்படியோ புடிச்சுட்டாங்க பாரு.”

“புதன்கிழமை வேண்டாம்ப்பா. அன்னிக்கு ரெண்டு ஷோ. பகல்ல எல்லாரும் ஏனோதானோன்னுதான் ஆடுவோம். வேற நாள் நானே கூட்டிட்டுப் போறேன்.”

“இதையேதான் ஒன்றரை வருஷமா சொல்ற” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஊரே பார்த்துவிட்ட அந்த நாடகத்தை அப்பா மட்டும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் இத்தனை நாள் அவளுடைய ஒரே வேண்டுதல்.

நியூயார்க் மேடைகளில் குழுவில் ஆடுகிறவர்களுக்கு வாய் கிடையாது. நட்சத்திரத்துக்குப் பின்னால் நின்று காலைத் தூக்கு, பல்லைக் காட்டு, ஓரமாகப் போ. அவ்வளவுதான். டெஸ்மண்ட் என்ற நடன இயக்குநரும் ஒரு காலத்தில் அப்படிப் பின்னால் நின்றவர்தான். அந்த எரிச்சல் அடங்காமல், பின்வரிசைக்காரர்களைப் பற்றியே ஒரு பாட்டு நாடகம் போடுவதென்று கிளம்பினார். கையில் கதை இல்லை. ஒரு குளிர்கால சனிக்கிழமை, பதினைந்து இருபது பேரை ஒத்திகைக் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து, மட்டமான ஒயினை ஊற்றிக் கொடுத்து, நடுவில் டேப் ரெக்கார்டரைச் சுழலவிட்டு, “ஏன் ஆட வந்தீங்க, சொல்லுங்க” என்றார்.

எல்லோரும் அழுதார்கள். ஓடிப்போன அம்மா, அடித்த மாற்றாந்தகப்பன், பட்டினி என்று வட்டம் சுற்றி இரேனாவிடம் வந்தபோது அவள் களைத்துப் போயிருந்தாள். இந்த அழுகைக்கு நடுவே நாமாவது நாலு பேரைச் சிரிக்கவைப்போமே என்று நினைத்தாள். வாயில் சனி உட்கார்ந்துவிட்டது. பத்து வயதில் பள்ளி விழாவில் தான் ஆடியபோது அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டதையும், பியானோ தணிகிற இடத்தில் சரியாக அவருடைய குறட்டை எழும்பியதையும் சொன்னாள். சொன்னதோடு விடாமல் குறட்டையும் விட்டுக் காட்டினாள். கூடமே உருண்டு சிரித்தது. அப்பா இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கே வந்தவர் என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

டெஸ்மண்ட் அதைப் பாட்டாக்கினார். பெண்ணின் பெயரை மட்டும் மாற்றி, இரேனாவையே அதைப் பாடவைத்தார்கள். நடுவில் குறட்டை, அரங்கம் அதிரச் சிரிப்பு. அடுத்த அடியிலேயே, ‘ஒருநாளும் என்னை அவர் பார்த்ததில்லை’ என்று ஒரு வரி. அது இரேனா சொன்னதல்ல, பாட்டு எழுதியவரின் கைச்சரக்கு. அந்த வரிக்குத்தான் கைக்குட்டைகள் வெளியே வரும். வாரம் எட்டு முறை, தன் அப்பாவை வைத்து அவளே சிரிக்கவைத்து அவளே அழவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் மேடை மேலாளர் ரூத்திடம் போய் நின்றாள். மாற்று ஆளை இறக்குவதெல்லாம் ரூத் கையில்தான் இருந்தது.

“நாளைக்குப் பகல் ஷோ மட்டும் வேற ஆளைப் போடேன்.”

“காய்ச்சலா?”

“இல்ல.”

“கால் கீல் உடைஞ்சுதா?”

“எங்கப்பா வராரு.”

“அப்பா வந்தா சந்தோஷப்படுவியா, ஓடி ஒளிவியா? போய் ஆடு, போ.”

புதன்கிழமை ஆடினாள். விளக்கு வெளிச்சத்தில் மூன்றாவது வரிசை தெரியவில்லை. பியானோ தணிந்தது, குறட்டை விட்டாள், எப்போதும் வருகிற சிரிப்பு வந்தது. அடுத்த வரியைப் பாடும்போது, குரல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்போல இருந்தது.

இரண்டு காட்சிகளுக்கும் நடுவே அப்பாவைப் பக்கத்துத் தெரு காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். இருவருக்கும் பட்டாணி சூப் வந்தது.

“நல்ல கூட்டம்” என்றார் லுட்விக். “பக்கத்துல ஒரு அம்மா, பெப்பர்மின்ட் குடுத்தாங்க. ஆமா, எல்லாரும் ஒரே நேரத்துல காலைத் தூக்குறீங்களே, யாரு கணக்கு சொல்றது?”

“யாரும் சொல்றதில்லப்பா. பழகிடும்.”

அவர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்துச் சாப்பிட்டார்.

“அந்த அப்பன் தூங்குறப்ப ஜனங்க நல்லா சிரிச்சாங்க. அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நானும் சிரிச்சேன்.”

“அப்பா…”

“ஏம்மா, எழுப்பியிருக்கலாம்ல?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீ மேடையில இருந்த, சரி. உங்கம்மா பக்கத்துலதானே இருந்தா. முழங்கையால ஒரு இடி இடிச்சிருந்தா முழிச்சிருப்பேன். பாக்கத்தானே வந்தேன்.”

“அந்தப் பாட்டை எடுத்துடச் சொல்றேன்ப்பா.”

“சே, எதுக்கு? சோறு போடுது. சூப் ஆறுது பாரு, குடி.”

அன்று மாலைக் காட்சியில் அவள் குறட்டை விடவில்லை. பியானோ தணிந்த இடத்தில் அரங்கம் அமைதியாகக் காத்திருந்தது. சிரிப்பு முடிந்ததும் அடியெடுத்து வைக்க வேண்டிய பையன் எதுவும் புரியாமல் தடுமாறினான். திரை விழுந்ததும் டெஸ்மண்டே ஒப்பனை அறைக்கு வந்துவிட்டார்.

“சிரிப்பு எங்க போச்சு?”

“அது எங்கப்பா, டெஸ்மண்ட்.”

“இப்ப அது உங்கப்பா இல்ல. எல்லாரோட அப்பா.”

“அப்ப எல்லாரும் அவங்கவங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சிரிக்கட்டும்.”

டெஸ்மண்ட் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை, அவரும் களைத்துத்தான் போயிருந்தார். “நாளைக்கு அது இருக்கணும், இரேனா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அது இருந்தது. வேலையை விட்டுவிட்டு வேறு எங்கே போவாள்? முப்பத்திரண்டு வயதுக் குழுநடனக்காரிக்கு யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்?

நாடகம் நிற்காமல் ஓடியது. லண்டன் போனது, ஒசாகா போனது, புவனோஸ் அயர்ஸ் போனது. பாட்டை அந்தந்த மொழியில் மாற்றினார்கள், குறட்டையை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. முட்டி போன பிறகு இரேனா ஆடுவதை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் புதுப் பெண்களுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நடனப் பள்ளிக் குழந்தைகள்கூட அந்தக் குறட்டையை விட்டுக் காட்டுகிறார்கள் என்று யாரோ ஒருமுறை பெருமையாகச் சொன்னார்கள். அவளுக்கு அலுப்பாக இருந்தது.

ஊரில் இருக்கும் திங்கட்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு லுட்விக் அவள் முன்னால் ஒருமுறைகூடக் கண் அசந்ததில்லை. எண்பதை நெருங்கிவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். கண் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும், இமை சரியும், உடனே உதறிக்கொண்டு அவளைப் பார்ப்பார்.

“கொஞ்சம் தூங்குங்கப்பா.”

“தூக்கமே வரல. நீ சொல்லு, ஒசாகால என்ன ஆச்சு?”

அவள் எதையோ சொல்வாள். அவர் கண்ணை அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கச் சகிக்காது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, வந்த ஒரு மணி நேரத்திலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்குவாள். பாதிப் படி இறங்குவதற்குள் உள்ளே அது ஆரம்பித்துவிடும். கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் விழித்துவிடாதபடி மெதுவாக இறங்கிப் போவாள்.